தொடையில் வலி இல்லை என்றவர்

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளனாக இருந்தேன். ஒரு நாள் மேஜையில் படுத்திருந்தவர் எங்கள் ஊர் மிராசுதார். உச்சவரம்புச் சட்டம் வந்தும் அவருடைய நிலம் பெயர் மாறியதே தவிர கை மாறவில்லை. என் அப்பா குத்தகைக்கு உழுத வயலை, கதிர் முற்றிய நேரத்தில், வெளியூர் ஆட்களை இறக்கிப் போலீஸ் காவலோடு அறுத்துக்கொண்டு போனவர். அதோடு எங்கள் குத்தகை போயிற்று.

பம்புசெட் கொட்டகையில் தீப்பிடித்து அவருடைய வலது புறங்கை வெந்திருந்தது. தொடையிலிருந்து தோலைச் சீவி அங்கே ஒட்ட வேண்டும். இதயம் பலவீனம் என்பதால் முழு மயக்கம் கொடுக்கவில்லை. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே ஊசி போட்டு, தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பை மட்டும் மரக்கவைத்தார் மயக்க டாக்டர். அந்த நரம்பு தோலுக்கு மட்டும்தான், காலை அசைக்கலாம்.

இருபது நிமிடம் கழித்து ஊசிமுனையால் குத்திப் பார்ப்பது என் வேலை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இவன் எதுக்கு டாக்டர்? வேற ஆளே இல்லியா?"

"இவர்தான் இருக்காரு. வலிச்சா சொல்லுங்க."

மேலே குத்தினேன். "இல்ல." நடுவில் குத்தினேன். "இல்ல." முழங்காலுக்கு ஒரு சாண் மேலே குத்தியபோது கால் கட்டைவிரல் மடங்கியது.

"வலிக்குதா?"

"இல்லன்னு சொல்றேன்ல. குத்துடா, பாப்போம்."

மறுபடி குத்தினேன். விரல் மறுபடி மடங்கியது. முகம் அசையவில்லை. என் எதிரில் வலிக்கிறது என்று சொல்வதைவிடக் கத்தியைத் தாங்குவதே மேல் என்று அவர் முடிவு செய்திருந்தார். சர்ஜன் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார். நான் வாயை மூடியிருந்தால் போதும். கத்தியே அவரிடம் பேசியிருக்கும். அதற்கு ஆசைப்பட்டேன், மறுக்கவில்லை.

ஆனால் குறிப்பேட்டில் 'வலி இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதவேண்டும். அவருக்காக ஒரு பொய்யில் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை.

"சார், கீழ்ப்பக்கம் மரக்கல. விரல் மடங்குது."

"உன்ன எவன்டா கேட்டான்?" என்று கத்தினார் மிராசுதார்.

டாக்டர் கீழ்ப்பகுதியிலும் மருந்து ஏற்றினார். பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் குத்தினேன், விரல் அசையவில்லை. அதன் பிறகே தோலைச் சீவினார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டர் சொன்னார்: "இவர் மட்டும் சொல்லலன்னா துடிச்சிருப்பீங்க."

"அவன் சொன்னதாலதான் டாக்டர் வலிச்சுது" என்றார் அவர்.

வண்டியை வார்டுக்குள் தள்ளினேன். கட்டு மாற்றும் நாட்களிலெல்லாம் வேறு ஆள் வேண்டும் என்று கேட்டார். நானும் போகவில்லை.