பெரிய வெள்ளி வேலை நாளா?

கௌசிகா வேலை செய்யும் கம்பெனி எண்ணெய்க் கிணறு தோண்டுவதில்லை. நிலத்தடி உரிமைகளை வாங்கி வைத்துக்கொள்ளும். தோண்டுகிறவர்கள் விற்பதில் ஒரு பங்கு ராயல்டியாக வந்து சேரும். புதிய உரிமை வாங்கக் கையிருப்பு போதாவிட்டால் வங்கியில் சுழல்கடன் இருக்கிறது. உச்சவரம்புக்குள் எடுக்கலாம், ராயல்டி வந்ததும் கட்டலாம், மறுபடியும் எடுக்கலாம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வங்கிக்கு நோட்டீஸ் தயாரித்து அனுப்புவது அவள் பொறுப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து ஷாந்தனைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் இர்விங்குக்கு வந்தவள், இதே அலுவலகத்தில் காசோலை உறை பிரிக்கும் தற்காலிக வேலையில்தான் சேர்ந்தாள். சாப்பாட்டு இடைவேளைகளில் கடன் ஒப்பந்தத்தைப் படித்துப் படித்தே இந்த நாற்காலிக்கு வந்தாள். ஜனவரியில் ஷாந்தனுக்கு வேலை போனதிலிருந்து வீடு அவள் சம்பளத்தில் ஓடுகிறது.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை காலை நோட்டீஸ் அனுப்பினாள். சற்று நேரத்தில் வங்கியிடமிருந்து பதில் வந்தது: ஒரு நாள் தாமதம்.

மிட்லாண்ட் என்ற ஊரில் ஒரு குடும்பத்திடம் உரிமை வாங்கச் செவ்வாய்க்கிழமை பணம் வேண்டும். வங்கி தரும் இரண்டு வகைக் கடனில் வட்டி குறைந்ததற்கு மூன்று வேலை நாள் அவகாசம் தர வேண்டும். வியாழன், வெள்ளி, திங்கள் என்று எண்ணியிருந்தாள். பெரிய வெள்ளியன்று கடன் பத்திரச் சந்தை மூடியிருக்கும், அது கணக்கில் சேராது என்றது வங்கி. ஒப்பந்தத்தைத் திறந்தாள். அப்படித்தான் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை பணம் கொடுக்காவிட்டால், அந்தக் குடும்பம் வேறு ஆளுக்கு விற்றுவிடலாம். அவள் வேலையும் போகலாம். ஒப்பந்தத்தின் அடுத்த பக்கங்களையும் ஒருமுறை படித்துவிட்டு, நிதிப் பிரிவுத் தலைவி ஷ்யாமளாவின் அறைக்குப் போனாள்.

“ஏன் மூஞ்சி இப்படி வெளிறிப்போயிருக்கு?” என்றார் ஷ்யாமளா.

கௌசிகா சொல்லி முடித்தாள்.

“நீ சர்ச்சுக்குப் போற பொண்ணுதானே? உனக்கேவா குட் ஃப்ரைடே மறந்துபோச்சு?”

“மறக்கேல்ல. இஞ்ச வந்த நாள் தொட்டு ஒவ்வொரு பெரிய வெள்ளியும் ஆஃபீஸிலதானே நிக்கிறன். லீவெண்டு எப்பிடி நினைக்கிறது?”

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது; அடக்கிக்கொண்டார். “சரி, வழி என்ன?”

“வட்டி கூடின கடனுக்கு ஒரு நாள் முந்திச் சொன்னாப் போதும். செவ்வாய்க்கிழமை அதை எடுப்பம். புதன்கிழமை குறைஞ்ச வட்டிக்கு மாத்திறதுக்கு இண்டைக்கே நோட்டீஸ் குடுக்கலாம். ஒரு நாள் வட்டிதான் கூட.”

“மேல கேட்டா நான் என்ன சொல்றது?”

“என்ர பிழையெண்டு சொல்லுங்கோ.”

“பின்ன, என் பேரையா சொல்வேன்? கொண்டா, sign பண்றேன்.”

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தாள். திங்கட்கிழமை வங்கி சரி என்றது. செவ்வாய்க்கிழமை காலை வங்கிக் கணக்கின் திரையைத் திறந்து வைத்து, கழிவறைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்குப் பணம் வந்தது. மத்தியானத்துக்குள் மிட்லாண்ட் குடும்பம் கையெழுத்திட்டது.

ஷ்யாமளா அவள் மேசைக்கே வந்தார். “மேல ஒண்ணும் சொல்லல. ஆனா இனிமே நீ எண்ணின நாளை நானும் ஒரு வாட்டி எண்ணிப் பார்த்துட்டுத்தான் நோட்டீஸ் போகும். கோச்சுக்காதே, கௌசி.”

“கோவமில்லை” என்றாள். கோபம் இல்லைதான். ஆனால் இத்தனை வருஷமாக அவள் எண்ணிக்கையை யாரும் சரிபார்த்ததில்லை. முகம் சுட்டது. ஷ்யாமளா போனதும் ஷாந்தனை ஃபோனில் கூப்பிட்டு, “வேலை போகேல்லையப்பா” என்று மட்டும் சொன்னாள்.