கெளுத்தி முள் குத்திய கை

சபையாரே, இந்த வலது கைக்காக நீங்கள் உபவாசம் இருந்தீர்கள். அப்போது உங்களிடம் ஒன்றை மறைத்தேன். அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

எனக்குள் இருப்பது தம்பி டேனியல் கொடுத்த கிட்னி. உடம்பு அதை ஒதுக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். ஒற்றைக் கிட்னிக்காரன் என்று தம்பிக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அவன் கல்யாணத்துக்காக, லெந்து நோன்பு நாட்களில் ஈஸ்டர் வரை மீனும் கறியும் தொடமாட்டேன் என்று உங்கள் முன்னால் பொருத்தனை செய்தேன். இரண்டாம் வாரமே நாக்கு கேட்கவில்லை. கோவளம் போய்க் கெளுத்தி மீன் வாங்கி வந்து, சேலையூர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினேன். முள் விரலில் குத்தியது. குழம்பு ருசியாகத்தான் இருந்தது.

சில வாரங்களில் விரலில் ஒரு கட்டி. பிறகு மணிக்கட்டு, முழங்கை என்று வரிசையாக ஏறியது. உடைந்து சீழ் வடிந்தது. எந்த மருந்துக்கும் ஆறவில்லை. மாத்திரையைக் குறைத்தால் கிட்னிக்கு ஆபத்து, குறைக்காவிட்டால் கைக்கு ஆபத்து என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"கட்டி வர்றதுக்கு முன்னாடி மீன் ஏதாவது கழுவுனீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

ஜெபிக்க வந்திருந்த நம் சபை எஸ்தர் அக்கா முந்திக்கொண்டார். "லெந்து நாள்ல மீனா? இவ தொடவே மாட்டா சார்."

நானும் தலையாட்டினேன்.

அதன்பின் என் ஜெபம் கூரையைத் தாண்டவில்லை. சாகத்தான் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் தம்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். "இன்னொண்ணு இருந்திருந்தா அதையும் குடுத்திருப்பேன்க்கா. அழாத," என்றான். எனக்கு உயிரே போய்விட்டது. ஆண்டவரே, சுகம்கூட வேண்டாம், உண்மை பேச வாயைத் திறந்துவிடும் என்று கெஞ்சினேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் தனியாக வந்தார். வாய் திறந்தது. "மீன் கழுவுனேன் சார். முள்ளு குத்திச்சு. பொய் சொல்லிட்டேன்."

அவர் திட்டவில்லை. சதையில் கொஞ்சம் எடுத்துத் தனிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மீனிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியாம். மற்றவர்களுக்குச் சின்னக் கட்டியோடு நின்றுவிடுமாம். என்னைப் போன்றவர்களுக்குத்தான் இப்படிப் பரவுமாம். மருந்தை மாற்றினார். மாதக்கணக்கில் சாப்பிட்டேன்.

கை பிழைத்தது, கிட்னியும் பிழைத்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நடுவிரல் மட்டும் மடங்காது. சொல்ல முடியாததை வைத்துக்கொண்டு இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், வாயைத் திறக்க அவரிடம் பலம் கேளுங்கள். தருவார். பிறகு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தம்பிக்கு இன்னும் பெண் அமையவில்லை. அவன் பின்வரிசையில் இருக்கிறான். அவனுக்காகச் செய்த பொருத்தனையை ஒரு மீன் குழம்புக்காக நான் முறித்தது அவனுக்கும் இப்போதுதான் தெரியும். டேனி, அக்காவை மன்னித்துவிடு.