சோறு வராத வரைக்கும்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறார்கள். போன வாரம் பஸ்ஸுக்காக அங்கே நின்றபோது வெண்ணெய் தடவிய ரொட்டி சூடாகிற வாசனை வந்தது. மற்றவர்களுக்குப் பசியெடுத்திருக்கும். நான் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டேன். இந்த வயதில் ரொட்டிக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள்.

அப்போது நாங்கள் குன்னம் பக்கம் இருந்தோம். சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுகிற குடும்பம். நான் பெரம்பலூரில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் பெண் சும்மா இருந்தால் தரகருக்குத் தூக்கம் வராது. அவர் கொண்டுவந்ததுதான் பிரான்ஸ் மாப்பிள்ளை. பூர்வீகம் ஜெயங்கொண்டம் பக்கம். தாத்தா காலத்தில் பாண்டிச்சேரிக்குப் போய், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். மாப்பிள்ளைக்கு லீவு குறைவு, ஊருக்கு வந்துபோக நேரமில்லை, பெண்ணைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்கே வந்துவிடுங்கள், கடற்கரை ஓட்டலில் மதியச் சாப்பாடு என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"பொண்ணத் தூக்கிக்கிட்டுப் போயி காட்டுற வழக்கம் எங்கயாச்சும் உண்டா?" என்றாள் அம்மா.

"அது பிரான்சு வழக்கமா இருக்கும்" என்றார் அப்பா. பிரான்ஸைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. செட்டிகுளத்தில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் அக்காவை அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய அம்மா செத்தபோது அவளால் வர முடியவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்து, அந்த அக்கா அழுததை வாசலில் நின்றவர்கள் எல்லாம் கேட்டோம். அதற்குப் பிறகு பிரான்ஸ் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த அழுகைதான் கேட்கும்.

விடியற்காலை பஸ். பட்டுப்புடவையில் வெந்துகொண்டு போனேன். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அம்மா அப்பாவின் பக்கம் குனிந்தாள். "முடிவாகாம கை நனைக்கக் கூடாது, ஆமா. காப்பி, பலகாரத்தோட நிறுத்திக்கங்க. சோத்துல கை வச்சா குடுக்கறோம்னு ஆயிடும்."

எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். சம்பந்தம் பேசுகிற இடத்தில் சாப்பிட்டுவிட்டுப் பேச்சு மாறினால் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. "ஓட்டல் யாரு வூடும் இல்லியே" என்று அப்பா முனகினார். "காசு குடுக்கறவங்க வூடுதான்" என்றாள் அம்மா. என் தலையெழுத்து அப்பாவின் வயிற்றில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா பசி தாங்க மாட்டார்.

ஓட்டலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல். நான் கடலைப் பார்த்ததே அன்றுதான். ஒழுங்காகப் பார்த்தேனா என்றால் இல்லை. வெள்ளைத் துணி விரித்த மேசை, ஆளாளுக்குக் கத்தி, முள்கரண்டி, அளவு அளவாக ஸ்பூன். எதிரே மாப்பிள்ளை. நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அதிகமாக வியர்த்தது. அவருடைய அம்மா, "இது செட்டு சாப்பாடுங்க, ஒண்ணொண்ணா வரும். கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார்.

முதலில் வெண்ணெய் மணக்கிற ரொட்டி வந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் காதில், "இது பலகாரந்தான்" என்று சொல்லிவிட்டுப் பிட்டு வாயில் போட்டார். அடுத்தது வெங்காய சூப். "நம்ம வெங்காயம் இல்ல, பெரிசு" என்று கண்டுபிடித்தவர், காப்பி மாதிரி குடிப்பதுதானே என்று அதையும் முடித்தார். பிறகு பச்சைத் தழையை எண்ணெயில் புரட்டிக் கொண்டுவந்தார்கள். ஆடு தின்பது எப்படிச் சாப்பாடு ஆகும்? அதுவும் உள்ளே போனது. அம்மா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அப்பாவின் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு நப்பாசை. வெள்ளைக்காரன் சோறு தின்ன மாட்டான். சோறு வராத வரைக்கும் எனக்கு ஆபத்தில்லை.

வந்தது. மீன் துண்டுக்குப் பக்கத்தில், கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த சோறு. ஒரு கைப்பிடிகூட இருக்காது.

அப்பா ஸ்பூனை எடுத்தார். சோற்றுக்கு மேலே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, சாப்புடலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அப்பா என்னிடம் எதையுமே கேட்டதில்லை. எந்தக் காலேஜ், என்ன பாடம், தீபாவளிக்கு என்ன நிறத்தில் துணி, எல்லாம் அவர் முடிவுதான். தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று. மற்றவர்களுக்கு அது கூச்சமாகத்தான் தெரிந்திருக்கும். அப்பாவுக்குப் புரிந்தது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "பஸ்ல வந்தது வயித்துக்கு ஒத்துக்கலீங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மாவும் நம் பக்கத்து ரத்தம்தானே, அவரும் புரிந்துகொண்டு வற்புறுத்தவில்லை. மாப்பிள்ளைதான், பாவம், தன் சோற்றைத் துடைத்துச் சாப்பிட்டார்.

திரும்பும்போது அம்மா விழுப்புரம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பெரம்பலூர் வரைக்கும் மூடவில்லை. அப்பா வாழைப்பழம் தின்றுகொண்டே வந்தார்.

அடுத்த வருடம் ஒரு மதியம் நான் களத்தில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அரியலூரில் வேறொரு மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போகிற வழக்கமில்லை. அப்பா செருப்பைக் கழற்றியபடியே, "கை நனைச்சுட்டு வந்துட்டோம்" என்றார். ரசம் பிரமாதமாம், இன்னொரு தரம் கேட்டு வாங்கினாராம். பக்கத்து அரியலூர்தானே, இதற்குப் போய்ப் பெண்ணை என்ன கேட்பது என்று நினைத்திருப்பார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் இரண்டு வீட்டாரும் சேர்ந்து பிரியாணி சாப்பிடுகிறார்கள், மறுநாள் சரிப்படாது என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். யாருக்கும் வெட்கமில்லை. நல்லதுதான். எனக்கும் இங்கே ஒரு குறையும் கிடையாது, இவரும் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கடலோர மேசையில் பயந்தது போல நான் அதற்கப்புறம் பயந்ததும் இல்லை, என்னை யாரும் கேட்டதும் இல்லை.