தலைவரின் முழம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் நான் செய்யாத வேலை குறைவு. தென்காசிப் பக்கம் பழைய கோயில் ஒன்றில் கல்வெட்டுப் படி எடுக்க வந்த ஆய்வாளருக்கு இரண்டு வாரம் ஏணி பிடித்தேன். அவர் ஒரு நாள் சுவரின் அடியில் வெட்டியிருந்த நீளக் கோட்டைக் காட்டினார். அந்தக் காலத்துத் துணி வணிகர் குழுவின் அளவுகோலாம், மூன்று முழம். குறைத்து விற்றவனை அவர்களே கூடி விசாரித்து, ஊரில் துணி விற்கவிடாமல் விலக்கிவிடுவார்களாம். விலக்கப்பட்டவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். கல்லில் அது இல்லை என்றார்.

அந்தச் சீசனில் குற்றாலத்தில் துண்டு விற்கப் போனேன். அங்கேயும் துண்டு வியாபாரிகளுக்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு விசாரணை. மூன்று முழத் துண்டு இடுப்பைச் சுற்றி வரவில்லை என்று பெருத்த வயிற்றுக்காரர் ஒருவர் என்மீது புகார் சொன்னார். சங்கத்தில் முழம் என்றால் தலைவரின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. தலைவர் ஆறடிக்கு மேல். துண்டு நாலு விரல் குறைந்தது. எல்லோரும் ஒரே மொத்தக் கடையில் வாங்கிய சரக்குதான்; அளந்தது என்னுடையதை மட்டும்.

தண்டனை, ஒரு வாரம் கடை போடக் கூடாது. சீசனில் ஒரு வாரம் போனால் அப்புறம் பல நாள் அரைவயிறுதான். கல்வெட்டு தெரிந்தவன் என்ற மிதப்பில், கோயில் கல்லை வைத்து அளக்கலாம் என்றேன். தலைவரும் நாலு பேரும் வந்தார்கள். கல்லுக்கு முன்னால் என் துண்டு ஒரு சாண் குறைந்தது. மற்றவர்களுடையதும் அப்படியே. தலைவர் தோளில் கிடந்ததும் அப்படியே.

தலைவர் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஏலே, அந்தக் கல்லு நம்ம சங்கத்துல ஆளா? என் கை இங்கன இருக்குல்லா, அது போதும்,” என்றார் தலைவர்.

மறுநாளே அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. ஏழு நாள் ஒருவரும் ஒரு துண்டும் விற்கவில்லை. என் தண்டனையை எல்லோருமாகச் சேர்ந்து அனுபவித்தோம். வெள்ளம் வடிந்து, தடை நீங்கி, எட்டாம் நாள் கூட்டம் வந்தது. நான் துண்டுகளை விரித்தேன். தலைவர் வந்து நின்றார்.

“ஒரு வாரம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி.”

“தடை போட்ட நாளு கணக்குல வராது. இன்னைக்குத்தாம்லே மொத நாளு.”

துண்டுகளை மடித்துக்கொண்டு செங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ரயில் நிலையத்தில் துண்டு விற்பவர்களுக்குச் சங்கம் ஏதாவது உண்டா என்றுதான் முதலில் கேட்டேன்.