ஓஸ்தா அடித்த அகலப் பலகை

ஓஸ்தாவுக்கு வாய்த்த வியாதி ‘ஏன்’ என்கிற கேள்விதான். மீன் ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம், ஒரு மீன் கடைசியாக எதைத் தின்றது என்று வயிற்றைப் பிளந்து பார்க்காமல் விட்டதில்லை. மேற்பார்வையாளர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

ஓய்வு பெற்றதும் அந்த வியாதி க்ரிக்யே பறவைகள் பக்கம் திரும்பியது. செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் அந்த வெள்ளைக் கடற்பறவைகள், கழுகுத் தொல்லை தாங்காமல் ஊருக்குள் குடியேறியிருந்தன. அதிலும் அவள் தம்பி ஐலெர்ட்டின் ரொட்டிக்கடைச் சுவர் என்றால் அவற்றுக்கு உயிர். எச்சத்துக்குப் பயந்து ஜனங்கள் குடையோடு ரொட்டி வாங்கினார்கள்.

“இந்தத் தடவை அதுங்க வர்றதுக்கு முந்தியே வலை கட்டிடப்போறேன்,” என்றான் ஐலெர்ட். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

பக்கத்துத் தெரு வலையில் இரண்டு பறவைகள் சிக்கிச் செத்துத் தொங்கியதை ஓஸ்தா பார்த்திருந்தாள்.

“வேணாண்டா. என் படகுக் கொட்டகைச் சுவத்துல பலகை அடிக்கறேன். அங்க வரட்டும்.”

“கூப்பிட்டா வர அதுங்க என்ன நீ வளத்த நாயா? சரி, இந்த வருஷம் கட்டல. ஆனா ஜூன் கடைசியில ஊர் கூடிக் கோடை நெருப்பு மூட்டுற அன்னிக்கு உன் பலகையில ஒரு முட்டையாவது இருக்கணும். இல்லேன்னா சீசன் முடிஞ்சதும் வலைதான்.”

பறவைகள் வசதியாக இருக்கட்டும் என்று நல்ல அகலமான பலகைகளாக அடித்தாள். ஏற்கெனவே ஆள் இருக்கிற இடம் என்று அவை நம்புவதற்காக, எச்சம் வழிந்த மாதிரி வெள்ளைச் சாயமும் பூசினாள்.

“ஊரே அதைக் கழுவிச் சாகுது. நீ காசு குடுத்து வாங்கிப் பூசுறியா அக்கா!”

ஒரே ஒரு ஜோடி வந்தது. சேறும் புல்லும் சுமந்து கூடு கட்டி, முட்டையும் இட்டது. ஜூன் தொடக்கத்தில் ஓர் அண்டங்காக்கை பலகையில் இறங்கி, சொந்த வீட்டில் உலாவுவதைப் போல நடந்து வந்து, அந்த முட்டையைக் குடித்தது. ஓஸ்தா செருப்பை வீசினாள். அது நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுகை அடங்கியதும் பழைய வியாதி தலைதூக்கியது. ரொட்டிக்கடைச் சுவரில் மட்டும் ஏன் இப்படி நடப்பதில்லை? மறுநாள் முழுக்கக் கடைக்கு எதிரே நின்றாள். அங்கே ஜன்னல் விளிம்பு ஒரு சாண்கூட இருக்காது. கூடே பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அண்டங்காக்கை வந்தது, சிறகடித்தது, கால் வைக்க இடமில்லாமல் திரும்பிவிட்டது. தான் செய்து கொடுத்த வசதியெல்லாம் யாருக்கு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றே ரம்பத்தை எடுத்துப் பலகைகளை ஒரு சாணாகக் குறுக்கினாள்.

“பாவம், படுக்கவே இடமில்லாமப் பண்ணிட்டியே!” என்று கத்தினான் ஐலெர்ட்.

“போடா. திருடன் உக்கார இடமில்லாமப் பண்ணியிருக்கேன்.”

அந்த ஜோடி மறுபடியும் சேறு சுமந்தது. நெருப்பு மூட்டும் நாளும் வந்துவிட்டது. கீழே இருந்து பார்த்தால் கூட்டில் ஒரு வெள்ளை மார்பு மட்டுமே தெரிந்தது. முட்டையைக் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத ஐலெர்ட் தானே ஏணி வைத்து ஏறினான். ஓஸ்தா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் மேலேயே நின்றான். பிறகு ஒவ்வொரு படியாக, சத்தமில்லாமல் இறங்கினான்.

“என்னடா, இருக்கா இல்லையா?”

“கத்தாதக்கா,” என்றான் கிசுகிசுப்பாக. “முட்டை மேல உக்காந்திருக்கு. ஏணியை மெதுவா எடு, பயந்துடப் போகுது.”