எஃப் செவனில் பூச்சட்டி

"எண்பத்தெட்டு அறுபது பெட்டி, நாப்பத்தேழு முப்பது பெட்டி, அடுத்தாப்ல என்ன?"

சரக்கு வாங்க வந்த பார்ட்டி பொருளின் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் சொர்ணலட்சுமியின் வலது கை அதற்குரிய நம்பரை அடித்து முடித்திருக்கும். இடது கை மேசை டிராயருக்குள் கிடக்கும். அங்கே ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு. கீபோர்டில் எண்ணெய் ஒட்டக் கூடாதென்று வேலைக்கு ஒரு கை, வாய்க்கு ஒரு கை எனப் பதினாறு வருஷமாகப் பிரித்து வைத்திருக்கிறாள். வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்த்திருக்கிறாள். செல்லோடேப்பின் நுனியைத் தேடி எடுப்பதற்கு அந்த நகம். ஆபீஸில் யாருக்கு டேப் பிரியவில்லை என்றாலும் நேரே அவளிடம்தான் வருவார்கள்.

சிவகாசியில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்யும் பலவேசம் அண்ணாச்சியின் ஆபீஸ் அது. விலைப்பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். முந்நூற்றுப் பன்னிரண்டும் சொர்ணத்துக்கு மனப்பாடம். பழகிப் பழகி மனுஷர்களுக்கும் அதையே வைத்துவிட்டாள். எண்பத்தெட்டு என்றால் தரைச்சக்கரம். விஸ்வநத்தத்து வீட்டில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் எல்லோரையும் சுற்றவிடும் மாமியாருக்கு அந்த நம்பர். நாற்பத்தேழு குருவி வெடி. அது புருஷன். "ஒரு சத்தம், அம்புட்டுதான்" என்பாள். பக்கத்து நாற்காலி அருணாதேவிக்கு நூற்று எழுபது, பாம்பு மாத்திரை. "இத்துனூண்டு இருக்கும். பத்தவச்சுப் பாருங்க, நெளிஞ்சு நெளிஞ்சு எம்புட்டு ஒசரம் வருதுன்னு." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பதில்லை.

எம். புதுப்பட்டி என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் அருணாதேவி. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். சொர்ணத்தைவிட நாலு வயது இளையவள். அதிர்ந்து பேசமாட்டாள். நேரத்துக்கு வருவாள். குற்றம் சொல்ல ஒரு இணுக்குக்கூடக் கிடைக்காததுதான் சொர்ணத்துக்கு அவள்மேல் இருந்த பெரிய குறை.

போன ஆனி மாதம், பார்ட்டி ஒருவரும் வராத ஒரு மத்தியானம், அருணா சாஃப்ட்வேரின் செட்டிங்ஸுக்குள் போய் என்னமோ நோண்டிக்கொண்டிருந்தாள். கீபோர்டின் மேல்வரிசையில் எஃப் ஒன் முதல் எஃப் ட்வெல்வ் வரை சும்மா கிடக்கிறதே, அதில் எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லி வைக்கலாமாம். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். எஃப் டூ தட்டினால் குடோனுக்குப் போகும் புது லோடு லிஸ்ட். எஃப் த்ரீ தட்டினால் பார்ட்டியின் பெயர். எஃப் ஃபைவிலிருந்து எஃப் லெவன் வரை சீசனில் அதிகம் போகும் ஏழு உருப்படிகள். எஃப் ட்வெல்வ் பிரிண்ட். மவுஸைப் பிடித்து, மெனுவைத் திறந்து, நம்பரை அடித்து, என்டர் தட்டி என்று நாலு வேலையாக இருந்தது ஒரே தட்டில் முடிந்தது. பழைய விலைப்பட்டியலிலிருந்து பூச்சட்டி, தரைச்சக்கரம், ராக்கெட் என்று குட்டிக் குட்டிப் படங்களை வெட்டி அந்தந்தக் கீயின்மேல் ஒட்டவும் செய்தாள். எஃப் செவனில் பூச்சட்டி, எஃப் எய்ட்டில் தரைச்சக்கரம். அதற்கு டேப் பிரித்துக் கொடுத்ததும் சொர்ணத்தின் நகம்தான். பாவம், என்னத்துக்கு என்று அப்போது தெரியாது.

ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு சீசன் தொடங்கிய கையோடு அண்ணாச்சி இடத்தை மாற்றினார். வாசலுக்கு நேராக இருக்கும் முதல் நாற்காலியில் இனி அருணா தன் கம்ப்யூட்டரோடு உட்காரட்டும், சொர்ணம் உள்பக்கம் போகட்டும் என்றார். வெளிமாநில லாரிப் பார்ட்டிகள் வந்து நிற்பது முதல் நாற்காலியின் முன்னால்தான். பதினாறு வருஷம் அதில் இருந்தவள் சொர்ணம். விஜயவாடாக்காரரும் ஹூப்ளிக்காரரும் செருப்பைக் கழற்றும்போதே "சொர்ணம்மா" என்று கூப்பிடுவார்கள். உள்பக்க நாற்காலிக்கு உள்ளூர்க் கடைக்காரர்கள் வருவார்கள். எதிரே ஒரு சுவர், அதில் ஒரு காலண்டர்.

வயிறு எரிந்தது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அருணா வேகமானவள் என்பதைக்கூட சொர்ணம் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த மேல்வரிசை பதினாறு வருஷமாக இவள் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளித்தான் இருந்தது. தூசி துடைத்திருக்கிறாள். அது எதற்கு என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவளுக்குத் தோன்றவில்லை. இந்த நினைப்பு ராத்திரி புரளவிட்டது. வீட்டில் வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட 'டொக்' என்று அந்த ஒற்றைத் தட்டு காதில் கேட்டது. "அந்தப் புள்ள ரொம்பக் கெட்டிக்காரியாம்ல" என்று புருஷன் ஒரு நாள் வாயை விட்டான். அன்றைக்கு அவன் தட்டில் வெறும் குழம்புதான் விழுந்தது, மீன் துண்டு விழவில்லை.

மத்தியானம் அருணா சாப்பிடப் போகும் அரைமணி நேரம் அவள் இடத்தைப் பார்த்துக்கொள்வது முன்பிருந்தே சொர்ணத்தின் வேலை; இப்போது அதற்கு முதல் நாற்காலியில் உட்கார வேண்டும். லாரிப் பார்ட்டியைக் காக்கவைக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு. உட்காருவாள், ஆனால் மேல்வரிசையைத் தொடமாட்டாள். மவுஸ், மெனு, நம்பர், என்டர் என்று பழைய பாட்டைத்தான் பாடுவாள். "எனக்குப் படம் பாத்து அடிக்கத் தெரியாது தாயி" என்று யாரும் கேட்காமலே சொல்லுவாள்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, அந்த அரைமணி நேரத்தில், சுண்டுவிரல் நகம் எஃப் செவனின் ஓரத்தில் நுழைந்தது. பூச்சட்டியை நெம்பி எடுத்தாள். தரைச்சக்கரத்தையும் எடுத்தாள். இடம் மாற்றி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். லிஸ்ட் ஒன்று தப்பாகப் போனால் போதும், நாற்காலி தன்னால் திரும்பி வரும் என்று நினைத்தாள்.

திங்கள் போனது, செவ்வாயும் போனது. ஒரு லிஸ்ட்கூடத் தப்பாகவில்லை. அருணா கீபோர்டைப் பார்த்தால்தானே? அவள் கண் ஸ்கிரீனில் இருந்தது, விரல் தன்பாட்டுக்குப் போய் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க சொர்ணத்துக்கு இன்னும் எரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் அருணா சாப்பிடப் போயிருந்தாள். சொர்ணம் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். விஜயவாடாப் பார்ட்டி அவசரப்படுத்தவே, அண்ணாச்சியின் மகன் ஹரிஷ்குமார் போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே முதல் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துத் தட்டினான். லிஸ்ட் தாயில்பட்டி குடோனுக்குப் போனது.

நாலு மணிக்கு குடோனிலிருந்து சிவபாண்டி வந்து நின்றான். சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஒரு சொம்பு தேறும். பார்ட்டி கேட்டது இருநூறு பெட்டி பூச்சட்டி, லாரியில் ஏறியது இருநூறு பெட்டி தரைச்சக்கரம் என்றான். நாலு ஆட்கள் வெயிலில் அத்தனையையும் இறக்கி மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். சொர்ணம் அவன் சட்டையையே பார்த்தாள். இந்த நாலு பேரை அவள் யோசிக்கவே இல்லை.

ஹரிஷ்குமார் கீபோர்டைத் தூக்கிக் காட்டி, தான் படத்தைப் பார்த்துத்தான் அடித்ததாகவும் படமே தப்பு என்றும் சொன்னான். அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. இது ஆபீஸா, பொம்மை ஒட்டி விளையாடுகிற இடமா என்று அருணாவைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்பக்கம் திரும்பினார்.

"ஏ சொர்ணம், நாளையிலருந்து பழையபடி நீயே இங்கன உக்காரு."

வந்துவிட்டது. இரண்டு மாதமாக பத்திரகாளியம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தது வந்தேவிட்டது. டிராயருக்குள் இருந்த கை சேவு எடுக்காமல் அப்படியே நின்றது.

அருணா குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். மாறியிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. யார் மாற்றியது என்று அவள் கேட்கவில்லை.

"எனக்குப் படம் வேண்டியதில்ல அண்ணாச்சி. நான் பாத்து அடிக்கிறதில்ல. மத்தியானம் அக்கா வந்து என் எடத்துல உக்காருறாகள்ல, ஒத்தக் கையிலயே அம்புட்டையும் அடிக்காக. அவுகளுக்கு லேசா இருக்கட்டும்னுதான் ஒட்டுனேன்."

சொர்ணம் எழுந்தாள். இடது கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். முதல் நாற்காலி வரை நடந்தாள், உட்காரவில்லை. அண்ணாச்சி, அவர் மகன், சிவபாண்டி, அருணா எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து சுண்டுவிரல் நகத்தை எஃப் செவனின் ஓரத்தில் விட்டாள். தரைச்சக்கரத்தை நெம்பி எடுத்தாள். பூச்சட்டியை நெம்பி எடுத்தாள். அதனதன் இடத்தில் வைத்து, திங்கட்கிழமை அழுத்தியது போலவே, கட்டைவிரலால் அழுத்தினாள்.