ஏழுமலைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை

தமயந்தி கோபக்காரி என்பது கிதிர்பூர் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குழாயடியில் அவள் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். வாலாஜா பக்கத்திலிருந்து கல்யாணமாகி கல்கத்தா வந்தவள், வங்காளியில் முதலில் கற்றது சண்டை போடத்தான். அன்பாகப் பேசக் கற்றதெல்லாம் அதற்கப்புறம்.

அவள் புருஷன் ஏழுமலை துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். அவனுக்குக் கோபமே வராது. பொண்டாட்டி கத்தினால் சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய் ஃபுட்பால் பார்ப்பான். திரும்பும்போது மூன்று பேர் வாயும் ஜால்முரி என்ற பொரியின் காரத்தில் சிவந்திருக்கும்.

எழுபத்தொன்பதில், மழைக்காலத்தில், அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அதற்குக் கொஞ்சம் முன்னால் அவனோடு பல வருஷம் ஒரே ஷிஃப்டில் இருந்த இஸ்மாயில் ரோட்டில் லாரி மோதி இறந்திருந்தான். ஏழுமலை அழவில்லை. வேலைக்குப் போனான், வந்தான். பிறகு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழ ஆரம்பித்தான். விடிவதற்கு முன்பே விழித்து, கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்தது. கடைசியில் வேலைக்கும் மட்டம் போடத் தொடங்கினான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? காச்சலா? வயித்து வலியா? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்?"

"ஒண்ணுமில்ல தமயந்தி."

"ஒண்ணுமில்லன்னா எழுந்து குளிங்க!"

அவன் எழுந்து போய்த் தொட்டிப் பக்கத்தில் நிற்பான். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நின்றபடியே இருப்பான். அவள் போய்ப் பிடுங்கித் தண்ணீரை ஊற்றுவாள்.

குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் குழாய் வைத்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டானிக் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் பூரி கடற்கரைக்குப் போய் வரச் சொன்னார். பெஹாலாவில் இருந்த ஏழுமலையின் அண்ணன் மருதமுத்து டிராம் ஏறி வந்தான். அவனும் துறைமுகத்தில்தான், மேஸ்திரி. தம்பியின் கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஆம்பளையாடா நீ? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிகினு படுத்துகினு கெடக்கிறியே. சோம்பேறித்தனம், வேற இன்னா?" என்றான். ஏழுமலை தலையாட்டினான். ஆமாம், அப்படித்தான் என்று ஒப்புக்கொள்வதுபோல ஆட்டினான். அன்றைக்குத் தமயந்தியும் மருதமுத்து பக்கம்தான். பின்னாளில் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரவைத்தது அதுதான்.

துர்கா பூஜை வந்து போனது. மறுவாரம் ஒரு காலை, பெண்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஏழுமலை அடுக்களை வாசலில் வந்து நின்றான். நாள் கணக்கில் பேசாதவன், சாதாரணக் குரலில் சொன்னான்:

"நான் இல்லன்னா நீங்க மூணு பேரும் நல்லா இருப்பீங்க. யோசிச்சிப் பாத்துட்டேன்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தை வீசினாள். அரிசியும் தண்ணீரும் தரையெல்லாம் பரவின. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மித்ரா பௌதி ஓடி வந்தாள். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. அந்த மாடியில் எல்லாருக்கும் அவள் பௌதிதான். என்ன சொன்னான் என்று கேட்டவள் முகம் வெளுத்துவிட்டது. தமயந்தியைப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"என் தம்பியும் இதே வார்த்தையைத்தான் சொன்னான்," என்றாள் வங்காளியில். "காலம் கெட்டுக் கிடக்கிறது, சிநேகிதர்களை ஜெயிலில் போட்டுவிட்டார்கள், அந்தத் துக்கம், போய்விடும் என்று இருந்தோம். போகவில்லை, அவன்தான் போனான். நீ அப்படி இருந்துவிடாதே. இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அங்கே மனசுக்கு டாக்டர் இருக்கிறார்."

தமயந்தி ஈரப் புடவையோடு புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே மருதமுத்து வந்துகொண்டிருந்தான். எங்கே போகிறாள் என்று தெரிந்ததும் வழியை மறித்தான்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நம்ம குடும்பத்துக்கு அந்தப் பேரு வேணுமா? நாளைக்கு இவன கிரேன்ல ஏத்துவானா? உன் பொண்ணுங்கள எவன் கட்டுவான்?"

"நவுருங்க மாமா."

"சொல்றதக் கேளு. ஒரு தாயத்து கட்டினா…"

"நவுருங்கன்றேன்! கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அப்பன் உசுரோட இருக்கணும்!"

அவன் நகர்ந்தான்.

ஆஸ்பத்திரியில் ஸென்குப்தா என்ற நடுவயது டாக்டர் இருந்தார். வங்காளியில் பேசினார், அவசரப்படவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டார். பசி எப்படி, எந்த வேளை அதிகக் கஷ்டம் என்று கேட்டார். காலைதான் தாங்கவில்லை, சாயங்காலம் கொஞ்சம் தேவலை என்றான் ஏழுமலை. சாவைப் பற்றி நினைக்கிறீர்களா என்று அவர் நேராகவே கேட்டபோது தமயந்தி திடுக்கிட்டாள். ஏழுமலை திடுக்கிடவில்லை. யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று ஆறுதல் பட்டவன்போல, ஆமாம் என்றான்.

"வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா?"

ஏழுமலை தமயந்தியைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு," என்றான்.

மாமியார் காய்ச்சலில் போனதாகத்தான் தமயந்திக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காச்சல் இல்ல," என்று அவன் இப்போது அவளிடமே தமிழில் சொன்னான். "ரொம்ப நாளு செவுத்தப் பாத்துகினு படுத்திருந்தாங்க. எல்லாரும் சோம்பேறின்னு திட்டுனாங்க. ஒரு நாளு தன் உசுரத் தானே முடிச்சிகினாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிடிச்சி."

தமயந்தி அதை டாக்டருக்கு வங்காளியில் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உயர்ந்துவிட்டது. டாக்டர் கையமர்த்தினார்.

"இது சோம்பல் இல்லை அம்மா. தைரியக் குறைவும் இல்லை. இது வியாதி. ரத்தத்தில் கொஞ்சம் வந்திருக்கலாம். சிநேகிதன் செத்தது கொஞ்சம், ஷிஃப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டது கொஞ்சம். இதுதான் காரணம் என்று ஒன்றைப் பிடிக்க முடியாது. துக்கம் எல்லாருக்கும் வரும். ஆனால் அது இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் உட்கார்ந்து சோற்றையும் தூக்கத்தையும் வேலையையும் தின்ன ஆரம்பித்தால் டாக்டரிடம் வர வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே வர வேண்டும்."

"மாசக்கணக்கா ஆவுது! இத எங்களுக்கு எவன் சொன்னான்?" என்று மேஜையைத் தட்டினாள். "டானிக் குடுத்தாரே, அவரும் டாக்டர்தான? அவரு ஏன் சொல்லல?"

"என்னிடம் கோபப்படுங்கள், பரவாயில்லை," என்றார் அவர். "இவரைத் தனியாக மட்டும் விடாதீர்கள். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும். வாய் உலரும், தலை சுற்றும். பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் வீண்."

வீடு வந்ததும் அவனைப் பௌதியிடம் உட்கார வைத்துவிட்டு, தமயந்தி நேரே பெஹாலாவுக்கு டிராம் ஏறினாள். மருதமுத்து வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தெருவே கேட்கும்படி கேட்டாள்.

"உங்கம்மா எப்படிச் செத்தாங்க மாமா?"

அவன் எழுந்து கதவைச் சாத்தப் போனான். அவள் கதவில் கை வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும். அவரு சுவத்தப் பாத்துப் படுத்தன்னிக்கே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிகினே நாற்காலி போட்டு உக்காந்து சோம்பேறின்னு சொன்னீங்க. அவங்களுக்குச் சொன்ன அதே வார்த்த!"

"மானம் போயிடுமேன்னு…" என்று அவன் ஆரம்பித்தான். கண் கலங்கியிருந்தது. அவள் அதற்கு இரங்கவில்லை.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரமாகியும் எதுவும் மாறவில்லை. அவன் நாக்கு வறண்டு சோறு இறங்காமல் தவித்தான். தமயந்தி மாத்திரைப் பொட்டலத்தைத் தூக்கி எறியப் போய், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவில் திரும்ப வைத்தாள். அவனைத் திட்டுவதையும் நிறுத்தினாள். அது அவளுக்கு லேசாக வரவில்லை. திட்டல் தொண்டை வரை வரும்போது பால்கனிக்குப் போய்க் காக்கையைத் திட்டினாள்.

குளிர் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போனது. இருந்த இடத்திலிருந்து ஏழுமலை கத்தினான்.

"இந்த லோட்ஷெடிங்குக்கு வேற நேரமே கெடைக்கலயா இவனுங்களுக்கு?"

இரண்டு பெண்களும் பயந்து அம்மாவைப் பார்த்தார்கள். தமயந்தி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவன் வேலைக்குத் திரும்பினான். மாத்திரை மயக்கம் தரும் என்று முதலில் கிரேனில் ஏற்றவில்லை, ஸ்டோரில் போட்டார்கள். 'பைத்தியம்' என்று அங்கே ஒருவன் ஜாடையாகச் சொன்னது அவள் காதுக்கு வந்தது. மறுநாள் துறைமுக கேட்டில் தமயந்தி அந்த ஆளுக்குக் கொடுத்த வரவேற்பில், அப்புறம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்து ஏழுமலை கிரேன் ஏறினான்.

எண்பத்து மூன்றில் இன்னொரு முறை வந்தது. இந்தத் தடவை அவன் ஒளிக்கவில்லை. வாரம் ஒன்றுதான் ஆகியிருந்தது, சட்டையைப் போட்டுக்கொண்டு, "தமயந்தி, காலைல மறுபடி அதே மாதிரி இருக்குது. போலாமா?" என்றான். போனார்கள். சீக்கிரமே சரியானது.

பெண்களுக்குப் பாட்டி எப்படி இறந்தாள் என்பதைத் தமயந்தி மறைக்கவில்லை. புரிகிற வயது வந்ததும் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். மருதமுத்து தீபாவளிக்குத் தீபாவளி ஸ்வீட் பாக்கெட்டோடு வந்துபோனான். டீ கொடுப்பாள். பேச மாட்டாள்.